சராசரி மறைக்கும் கியர்

ஏற்றத்தில் கடைசிக் கியருக்கு இறங்குவது பலவீனம் என்ற எண்ணம் நம் மிதிவண்டிக் குழுக்களில் இன்னும் வாழ்கிறது. அது மிகப் பழைய எண்ணம். தூர் தெ பிரான்ஸ் போட்டியிலேயே 1937இல்தான் டீரெய்லருக்கு முழு அனுமதி கிடைத்தது. பவர் மீட்டர் கைக்கு வந்த பிறகும் அந்த எண்ணம் நீடிப்பதற்குக் காரணம், நாம் சராசரியை மட்டும் படிப்பதே என்பது என் துணிபு.

பெங்களூரிலிருந்து நந்தி மலைக்குச் சென்றுவந்த என் பயணத் தரவை அண்மையில் பிரித்துப் பார்த்தேன். சராசரி மிதிவேகம் நிமிடத்துக்கு 80 சுற்றுகள்; குறை சொல்ல இயலாத எண். ஆனால், வேகத்தை மிதிவேகத்தால் வகுத்து, ஒவ்வொரு நொடியும் எந்தக் கியரில் இருந்தேன் என்று கணக்கிட்டபோது வேறொரு சித்திரம் தெரிந்தது. செங்குத்தான பகுதிகளில் ஏறக்குறைய முழு நேரமும், முன்னே 34 பற்கள், பின்னே 28 பற்கள் என்ற கடைசிக் கியரில், 60 சுற்றுகளில் திணறியிருக்கிறேன். சமவெளியின் 90 அந்த 60ஐ மூடிவிட்டது. முழங்கால் வலியோடு நான் ஓட்டிய மாதங்கள் அவை. “காலில் வலுவில்லை” என்றார்கள், நானும் நம்பினேன்.

திறன் என்பது முறுக்குவிசை, சுழற்சி வேகம் ஆகியவற்றின் பெருக்கற்பலன். 200 வாட்டை 90 சுற்றில் தர ஏறத்தாழ 21 நியூட்டன் மீட்டர் போதும். 60 சுற்றில் 32 வேண்டும். திரையில் இரண்டும் 200தான். முழங்காலுக்கு இரண்டும் ஒன்றல்ல. பின்னே 34 பற்கள் இருந்திருந்தால், அதே வேகத்தில், அதே 200 வாட்டில், மிதிவேகம் 73ஆக உயர்ந்து முறுக்குவிசை 26ஆகத் தணிந்திருக்கும்.

என் வலிக்கு இதுவே காரணம் என்று அறுதியிட மாட்டேன். வேகமாக மிதிப்பதே எல்லோர்க்கும் நன்று என்பதும் என் வாதமன்று. மெதுவாக மிதிப்பதை விரும்பித் தேர்பவர்கள் உண்டு. நான் தேரவில்லை. எனக்குக் கீழே வேறு கியர் இல்லை.

மொழியியலில் முதலில் பயின்ற பாடம் இங்கும் பொருந்துகிறது: ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்பதோடு நின்றால் பொருள் விளங்காது, எந்தச் சூழலில் வந்தது என்றும் பார்க்க வேண்டும். ஆகவே நண்பர்களே, அடுத்த முறை சராசரி வாட்டைப் பகிருமுன், ஏற்றத்தில் கடைசிக் கியரில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள், அப்போது மிதிவேகம் என்ன என்பதை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அங்கே 60 தொடர்ந்து தென்பட்டால், உங்கள் கால்களைப் பழிக்குமுன் பின்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். பெரிய கேசட்டுக்குச் சில வண்டிகளில் பின் டீரெய்லரையும் மாற்ற நேரிடும். அந்தச் செலவில் வெட்கப்பட ஏதுமில்லை.