கதவில்லாத சபா

மயிலையிலே இசைவிழா! தியாகராயநகரிலே இசைவிழா! அடையாற்றிலும் இசைவிழா! மார்கழி பிறந்துவிட்டால் மண்டபந்தோறும் ஆலாபனை. வாயில்தோறும் வண்டி வரிசை. தோழர்களே, அந்த வாயிற்காவலரையும் அனுமதிச் சீட்டின் விலையையும் கடந்து உள்ளே சென்று அமர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிஞ்சும்!

செவ்விய இசை பாமரனுக்கு எட்டாத கனி என்பார் சிலர். எட்டாத கனியா, எட்டாத உயரத்திலே கட்டிவைக்கப்பட்ட கனியா? இந்த வினாவுக்கு விடை பகர்ந்தது வானொலி. 1924-இல் கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலானோர் சென்னை மாகாண வானொலிக் கழகம் கண்டனர். பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது ஓய்ந்தது. 1930-இல் மாநகராட்சி அப்பணியை ஏற்றது. கடற்கரையிலே ஒலிபெருக்கி அமைத்து ஊர் கேட்கச் செய்தது. 1938 ஜூன் 16-இல் எழும்பூரிலே அகில இந்திய வானொலி நிலையம் தோன்றிற்று. 1954-இல் மயிலைக் கடற்கரையோரம் குடிபெயர்ந்தது. சபாக்கள் சூழ்ந்த மயிலையிலே கதவே இல்லாத சபா ஒன்று! தேநீர்க்கடை வாயிலில் நின்ற தொழிலாளி தோடியைக் கேட்டான். அடுப்படியில் நின்ற தாய் கல்யாணியைக் கேட்டாள். சீட்டைக் கேட்பாரில்லை, சாதியைக் கேட்பாரில்லை.

பாடுவோருக்கும் அங்கே ஒரு நல்ல நெறி வகுக்கப்பட்டது. பெயரை மறைத்து, குரலை மட்டும் எடைபோடும் தேர்வுமுறை அது. நடைமுறையிலே குறை நேர்ந்திருக்கலாம்; ஆனால், குலம் பாராதே, குரலைப் பார் என்னும் அந்த நெறி நாம் போற்றும் நெறியல்லவா?

எனினும், கதவில்லாத வீட்டிலும் நாட்டாண்மை நுழைந்ததுண்டு. ஆர்மோனியம் ஆகாது என்று 1940-இல் ஒரு தடை. 1971 வரை அது நீங்கவில்லை. 1952-இல் மத்திய அமைச்சரான கேஸ்கர், செவ்விசையை வளர்ப்பதாகச் சொல்லித் திரைப்பாடலை விரட்டினார். விளைவு யாது? மக்கள் வானொலி முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினர்! 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதியைத் தொடங்கித் தில்லியே இறங்கி வந்தது. சட்டம் போட்டுச் சுவையை வளர்க்க முடியாது. கேட்கக் கேட்கத்தான் அது வளரும்.

கேட்பவர் மொழியிலே பாடினால் இன்னும் விரைந்து வளரும். 1941-இல் அண்ணாமலைநகரில் கூடிய தமிழிசை மாநாடும், 1943-இல் சென்னையில் எழுந்த தமிழிசைச் சங்கமும் முழங்கியது அதைத்தானே! முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் கீர்த்தனை தந்த நாட்டிலே, தமிழ்ப்பாட்டுக்குக் கச்சேரியின் கடைக்கோடியில் துக்கடா என்ற இடந்தானா? தியாகராயரின் மேதைமையை மறுப்பார் யார்? மற்றவர் விருந்தைப் பழிக்கவில்லை. நம் வீட்டுப் பந்தியிலே நம் சோற்றுக்கு இலை கேட்கிறோம், அவ்வளவே!

இன்று கைப்பேசியிலே ஆயிரம் கச்சேரி உண்டே, வானொலி எதற்கு என்பார் உளர். அங்கே எது முன்னே வரவேண்டுமென்று முடிவு செய்வது வணிகம். விளம்பரம் தராத வித்துவானையும், விலை போகாத ராகத்தையும் தேடிக் காக்கும் கடமை வணிகனுக்கு இல்லை. மக்கள் வரிப்பணத்தால் வளர்ந்த வானொலிக்கு உண்டு.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. உழைப்பவன் வீடு திரும்பும் மாலைவேளையிலே கச்சேரிக்கு நிலையான நேரம் வேண்டும். தமிழ்க் கீர்த்தனைக்குத் தலைவாழை இலை வேண்டும். நாதசுரமும் தவிலும் வைகறை மங்கல இசையோடு நின்றுவிடாமல் மாலையிலும் முழங்க வேண்டும். மூன்றாவதாக, நிலையத்தின் பேழையிலே உறங்கும் பழைய ஒலிப்பதிவுகள் பள்ளிக்கும் நூலகத்துக்கும் விலையின்றி வழங்கப்பட வேண்டும். அவை பொதுச்சொத்து, பூட்டி வைக்க எவர்க்கும் உரிமையில்லை.

கேட்டால் மட்டும் போதாது, தோழர்களே! உங்கள் படிப்பகத்து மேசையிலே நாளேட்டின் பக்கத்தில் ஒரு வானொலியும் இருக்கட்டும். வாரம் ஒரு மாலை கூடிக் கேளுங்கள். நன்று எனின் நிலையத்துக்கு எழுதுங்கள். குறை எனினும் எழுதுங்கள். கேட்க ஆளில்லை என்று சொல்லித்தான் நல்லவற்றை நிறுத்துவார்கள். கேட்க நாம் இருக்கிறோம் என்று காட்டுவோம்!