‘சந்தேஷ்’ தரும் பாடம்

வங்க மொழியில் ‘சந்தேஷ்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று செய்தி, மற்றொன்று நாமெல்லாம் விரும்பி உண்ணும் பால் இனிப்பு. அப்பெயர் தாங்கி 1913இல் இம்மாநகரில் ஒரு சிறுவர் இதழ் பிறந்தது. தொடங்கியவர் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. அதன் வரலாற்றை நம் சங்கத்து நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இதழ் என்றால் எழுத்துதானே என்கிறோம். அவர் அவ்வாறு எண்ணவில்லை. நல்ல கதைக்கு நல்ல படம் வேண்டும். படம் தெளிவாக விழ நல்ல பிளாக் வேண்டும். அதற்கு அச்சுக்கலை அறிவு வேண்டும். எனவே 1895இலேயே பிளாக் செய்யும் தொழிலைத் தொடங்கி, ஹாஃப்டோன் முறையைத் தாமே ஆராய்ந்தார். மகன் சுகுமார் 1911இல் இங்கிலாந்து சென்று அச்சுக்கலை பயின்று திரும்பினார். கார்பார் சாலை இல்லத்தில் எழுத்தும் ஓவியமும் அச்சும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று வளர்த்தன. பகுதிகளைத் தனித்தனியே பாராமல் அவற்றின் பிணைப்பைப் பார்ப்பதையே இன்று ‘அமைப்புச் சிந்தனை’ என்கிறார்கள்.

ஆனால், 1915இல் தந்தை மறைந்தார். 1923இல், முப்பத்தைந்து வயதில், சுகுமாரும் மறைந்தார். சில ஆண்டுகளில் இதழ் நின்றது. தொழிலும் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று. எந்திரம் இருந்தது, கலை இருந்தது. எல்லா இழைகளும் ஒருவர் கையிலேயே முடிச்சிடப்பட்டிருந்ததுதான் குறை என்பேன்.

1961இல் சுகுமாரின் மகன் சத்யஜித் ராய் இதழை உயிர்ப்பித்தார். இம்முறை அவர் தனியாக நிற்கவில்லை. கவிஞர் சுபாஷ் முகோபாத்யாய் உடன் நின்றார். பின்னர் லீலா மஜும்தாரும் நளினி தாஸும் ஆசிரியப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டனர். பேராசிரியர் ஷங்குவும் துப்பறியும் ஃபெலுதாவும் அவ்விதழில்தான் முதலில் தோன்றினர்.

அதே 1961இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு தொழிலின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணத்தை வெளியே மட்டும் தேடாதீர்கள். அதன் உள்ளமைப்பிலும் தேடுங்கள் என்பதே அதன் சாரம்.

இன்று நம்முள் சிலர் யூடியூபில் காணொளி வெளியிட்டுப் பொருளீட்ட முனைகிறார்கள். வரவேற்போம். ஆனால், பார்வையாளர் கூடக்கூட அவசரம் கூடுகிறது. அவசரம் கூடக்கூடத் தரம் குறைகிறது. தரம் குறைந்த பிறகு, சற்றுத் தாமதித்தே, பார்வையாளர் விலகுகிறார்கள். அத்தாமதம்தான் நம்மை ஏமாற்றுகிறது!

நம் இதழின் நிலை என்ன? இறுதியாண்டு மாணவர் ஒருவரே கட்டுரை கேட்கிறார், மெய்ப்புத் திருத்துகிறார், விளம்பரத்துக்கும் அலைகிறார். அவர் பட்டம் பெற்றுப் போனதும் இதழ் தடுமாறுகிறது. பழியை அடுத்தவர் மேல் போடுகிறோம். குறை ஆளிடம் இல்லை, நண்பர்களே, அமைப்பில் இருக்கிறது.

ஆசிரியருக்குத் துணையாக இளைய மாணவர் இருவரை அமர்த்துவோம். அடுத்த இதழுக்கான கட்டுரைகளில் பாதியை முன்கூட்டியே சேர்த்து வைப்போம். வாசகர் கடிதங்களைக் கூட்டத்தில் படிப்போம். திறமைக்கு நம்மிடையே பஞ்சமில்லை. அதைத் தாங்கும் கட்டுக்கோப்பே தேவை. அதை இவ்வாண்டே தொடங்குவோமா?