தீயணைப்பு வண்டியில் ஒரு ஆஸ்பத்திரி!

மாஜி மனைவிக்கு ஜீவனாம்சம் கொடுப்பவர்கள் உண்டு. வேலை கொடுத்தவர் ஜாக் வெப். அமெரிக்காவில் பெரிய டி.வி. தயாரிப்பாளர். 1972 ஜனவரியில் என்.பி.சி.யில் 'எமர்ஜென்ஸி!' (ஆச்சரியக்குறியும் தலைப்பிலேயே உண்டு) என்ற தொடரை ஆரம்பித்தபோது, தலைமை நர்ஸ் வேடத்தைத் தன் முன்னாள் மனைவி ஜூலி லண்டனுக்குக் கொடுத்தார். அதோடு விட்டாரா? ஜூலியின் அப்போதைய கணவர் பாபி ட்ரூப்புக்கு டாக்டர் வேஷம்! பெரிய மனசு சார்.

கதை சிம்பிள். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் தீயணைப்பு நிலையம் 51. அதில் ஜானி, ராய் என்று இரண்டு பாராமெடிக்குகள். ராய் குடும்பஸ்தன். ஜானி பெண்களிடம் வழிந்து வழிந்து தோற்பவன். (நம்மில் பலருக்கு அவனைத்தான் பிடிக்கும்.) மணி அடித்தால் பேச்சைப் பாதியில் விட்டுச் சிவப்பு வண்டியில் பறப்பார்கள். கவிழ்ந்த காரோ, எரிகிற வீடோ, ஆளை வெளியே இழுத்துப் போட்டு ஆரஞ்சு நிற ரேடியோப் பெட்டியைத் திறப்பார்கள். நோயாளியின் இ.சி.ஜி. அதன் வழியே ராம்பார்ட் ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே டாக்டர் சொல்லச் சொல்ல, இங்கே ரோட்டோரத்தில் டிரிப்ஸ் ஏறும். கத்தியோடு வில்லன் யாரும் வருவதில்லை. நேரம்தான் துரத்தும்.

'இதில் என்னய்யா அதிசயம்?' என்பீர்கள். 1960-களில் அமெரிக்காவின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் யார் தெரியுமா? சவ அடக்கம் செய்யும் கம்பெனிக்காரர்கள்! ஆளைப் படுக்க வைக்கும் நீளத்தில் வண்டி அவர்களிடம்தான் இருந்தது. ஆள் பிழைத்தால் வண்டி வாடகை. பிழைக்காவிட்டால் இன்னும் பெரிய பில்.

தீயணைப்பு வீரர் ஊசி போடலாம் என்று கலிபோர்னியாவில் சட்டம் வந்தது 1970-ல். கையெழுத்துப் போட்ட கவர்னர், ரொனால்ட் ரீகன். தொடரின் முதல் கதையே அந்தச் சட்டம்தான். பயிற்சி முடித்த ஆட்கள் ரெடி. ஆனால் உயிர் போய்க்கொண்டிருக்கிறவனைத் தொட அனுமதி இல்லை. 'டாக்டர் படிக்காதவன் கையில் ஊசியா?' என்று தயங்கும் டாக்டர் பிராக்கெட்டே கடைசியில் சட்டத்துக்காகப் பேசப் போகிறார்.

ரீல் நிறைய இருந்தாலும் ரியலும் இருந்தது. தீயணைப்பு எஞ்சினை ஓட்டிய மைக் ஸ்டோக்கர் நிஜமான தீயணைப்பு வீரர். தொடரிலும் அதே பெயர்தான்!

அப்போது அமெரிக்காவில் பாராமெடிக் வசதி விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களில்தான். டி.வி.யில் பார்த்த ஜனம், 'நம்ம ஊருக்கு ஏன் இல்லை?' என்று கேட்க ஆரம்பித்தது. பார்த்த பையன்கள் பலர் பிற்காலத்தில் அதே வேலைக்குப் போனார்கள். வாராந்தரத் தொடர் 1977-ல் நின்றது. டெலிஃபிலிம்கள் 1979 வரை வந்தன. 2000-ல் தொடரில் பயன்பட்ட சாமான்கள் ஸ்மித்ஸோனியன் மியூசியத்துக்கே போய்விட்டன.

நமக்கு? ஒருவர் மயங்கி விழுந்தால் சுற்றி நின்றுகொண்டு, 'காத்து விடுங்கப்பா' என்று கத்துவதோடு முதலுதவி முடிந்துவிடுகிறது. நின்றுபோன இதயத்துக்காக நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர்.ரை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்து வைக்க அதுதான் வழி. ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

விழுவது மானேஜராக இருந்தாலும் அழுத்தத்தான் வேண்டும். இன்க்ரிமென்ட் கணக்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.