ஆறு இல்லாத உழவர்கள்

"முன்னாடி இங்க ஒண்ணுமே இல்ல சார், வெறும் பாறைதான்." ஹைதராபாத்தின் உப்பலில் மனை பார்க்கப் போகும் தமிழரிடம் தமிழ் தெரிந்த தரகர்கள் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது அதுதான். நைல், யூப்ரடீஸ், சிந்து என்று ஆறு ஓடிய இடத்தில்தான் உழவு பிறந்தது, பாறைக்குன்று தரிசு. நம் பங்குக்குக் காவிரியையும் வைகையையும் சேர்த்துக்கொண்டோம்.

பெருநகரங்களைப் பற்றிப் பேசினால் இந்தப் பாடத்தில் உண்மை உண்டு. உழவுக்கு அது பொருந்தாது. தக்காணத்துக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

இதே தெலங்கானாவில், மக்தல் பக்கம் உட்னூரில், 1957-ல் தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்சின் ஒரு சாம்பல் மேட்டைத் தோண்டினார். அரக்கனை எரித்த சாம்பல் என்றெல்லாம் தக்காணத்தில் கதை கட்டப்பட்ட வகை மேடு. உள்ளே இருந்தது எரிந்த மாட்டுச் சாணம். பட்டி போட்டு, சாணம் குவிந்ததும் கொளுத்தி, அதே இடத்தில் மறுபடி பட்டி போட்டிருக்கிறார்கள். குளம்புத் தடங்கள்கூட அப்படியே பதிந்திருந்தன. ஹரப்பா நகரங்கள் எழுந்த காலத்தை ஒட்டி இங்கே நடந்த வாழ்க்கை இது.

மாடு மேய்த்தவர்கள்தானே, உழவர்களா என்று கேட்பார்கள். அந்தக் காலத்து ஊர்கள் கருங்கல் குன்றுகளின் உச்சியிலும், சரிவைச் சமன்படுத்திய தட்டுகளிலும் இருந்தன. பெல்லாரி அருகே சங்கனகல்லு போன்ற இடங்களின் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதந்த கரி விதைகளைத் தொல்தாவரவியலாளர் டோரியன் ஃபுல்லரும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்தார்கள். முதன்மையாகக் கிடைத்தவை சிறுதானியங்கள், கொள்ளு, பாசிப்பயறு. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பழையவை. நெல் அந்தத் தட்டில் இல்லை. தமிழ்நாட்டிலும் திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் புதிய கற்காலத்தார் கொள்ளும் பாசிப்பயறும் விளைவித்திருக்கிறார்கள். குதிரைத் தீனி என்று நாம் ஒதுக்கிய அந்தக் கொள்ளைத்தான் உப்பல் ஓட்டல்களில் உலவச்சாரு என்று காசு கொடுத்துக் குடிக்கிறோம்.

ஆறில்லாமல் எப்படி? மொட்டைப் பாறையில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்காமல் வழிந்து அடிவாரத்தில் சேர்கிறது. அங்கே ஈரம் தங்கும். குறைந்த மழையில் விளையும் சிறுதானியத்துக்கும் கொள்ளுக்கும் அது போதும். பாறைதான் அவர்களுடைய ஏரி. மேற்காசியாவிலும் கோதுமையின் காட்டு மூதாதைகள் வளர்ந்தது மலைச்சரிவுகளில்தான். பப்புவா நியூகினியின் குக் சதுப்பு நிலத்தில், கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டர் உயரத்தில், பயிர்செய்த தடம் ஏறக்குறைய ஏழாயிரம் ஆண்டுப் பழையது. 2008 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம்.

வேடிக்கை என்னவென்றால், இதை மறக்கத் தமிழருக்குத்தான் உரிமையே இல்லை. மலைச்சரிவில் தினைப்புனம் காத்த பெண்ணைச் சங்கப் பாட்டுகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அதைக் காதல் காட்சி என்று மட்டும் வைத்துக்கொண்டு, வேளாண்மை என்றால் மருதம் என்று முடித்துவிட்டோம். இந்த நினைப்புக்கு விலை உண்டு. ஆற்றங்கரை மேடு என்றால் அகழாய்வு வேண்டும் என்று கோரிக்கை எழுகிறது. குன்று என்றால் வெடிமருந்தும் கிரஷரும் வருகின்றன.

ஹைதராபாத்தைச் சுற்றி இன்னும் குன்றுகள் மிச்சம் இருக்கின்றன. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் முன் தொல்லியல் தெரிந்த ஒருவர் அவற்றின்மேல் ஏறிப் பார்க்க வேண்டும். சாம்பல் நிற மண், அரைத்துத் தேய்ந்த பாறைக்குழி, வழவழப்பான கற்கோடாரி என்று ஏதாவது தென்பட்டால் வெடிவைப்பை நிறுத்த வேண்டும். இதைக் கட்டாயமாக்கச் சொல்லி அரசைக் கேளுங்கள்.