திண்ணை வீட்டில் விருந்து... இடிக்காமலும் சம்பாதிக்கலாம்!

திருவண்ணாமலை மாட வீதிகளைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். திண்ணை வைத்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. அந்த இடத்தில் லாட்ஜும் கடையும் எழும்புகின்றன. ‘பழைய வீட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?’ என்பவர்களுக்கு, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரி ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலை உட்கார்ந்து சாப்பிட்டே பார்க்கலாம்!

புதுச்சேரியின் தமிழர் பகுதியில், பெருமாள் கோயில் தெருவில் இருக்கிறது ‘மேசோன் பெருமாள்’. ‘மேசோன்’ என்றால் பிரெஞ்சில் வீடு. நூறாண்டு தாண்டிய இந்த வீட்டை சிஜிஹெச் எர்த் நிறுவனம் இடிக்காமல் சீரமைத்து, தங்கும் விடுதியும் உணவகமுமாக மாற்றியிருக்கிறது. தெருவில் நின்று பார்த்தால் பத்தோடு பதினொன்றாக ஒரு வீடு. உள்ளே போனால் மரத்தூண்களும் முற்றங்களும்.

ஏன் முற்றம்? வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் பக்கத்துச் சுவரில் ஜன்னல் வைக்க வழியில்லை. காற்றும் வெளிச்சமும் நடுவில் இருக்கும் முற்றம் வழியாகத்தான் வரவேண்டும். நம் தாத்தா பாட்டி காலத்து ஏ.சி. இது!

சாப்பாடு, தமிழும் பிரெஞ்சும் கலந்த புதுச்சேரிச் சமையல். நம் வீட்டுத் தாளிப்பு வடகம் ஞாபகமிருக்கிறதா? சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வெயிலில் காயவைப்போமே, அதுதான். பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘வடுவான்’ ஆக்கிக்கொண்டார்கள். நாம் மீன் குழம்பில் தாளிப்பதை அவர்கள் சாஸில் சேர்க்கிறார்கள்.

ஒரு வீடு மட்டும் பிழைத்தால் போதாது. புதுச்சேரி வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பு, ஐரோப்பிய யூனியனின் ‘ஏசியா அர்ப்ஸ்’ திட்ட உதவியோடு வரிசை வீடுகளின் முகப்புகளைச் சீரமைத்தது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் அந்த வீதிக்கு அங்கீகாரமும் கிடைத்தது. கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது.

சரி, எல்லா வீட்டையும் ஹோட்டலாக்கிவிட்டால் பிரச்னை தீர்ந்ததா? அங்கேதான் ஒரு நெருடல். திண்ணை என்பது வழிப்போக்கர் காசில்லாமல் உட்கார்வதற்காகக் கட்டியது. இப்படி மாறும் வீடுகளில் சாப்பிட்டால் வரும் பில், நம் ஊர் மெஸ் பில் மாதிரி இருக்காது. வீடு பிழைத்தாலும், அக்கம்பக்கத்தார் அதற்குள் கால் வைக்கத் தயங்கினால் அது தெருவுக்கு அந்நியமாகிவிடும்.

நம் ஊருக்கு நட்சத்திர ஹோட்டல் கணக்கு தேவையில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துக் கால் கடுக்க வருபவருக்கு, ஒரு பழைய வீட்டின் முற்றத்தில் இலை போட்டு நாலு இட்லி, ஒரு சுக்கு காபி. வாசல் திண்ணை மட்டும் எப்போதும்போல இலவசம். இப்படி ஒன்று வந்தால் கூட்டத்துக்கா பஞ்சம்?

உங்கள் தெருவில் இன்னும் எத்தனை திண்ணை வீடுகள் மிச்சமிருக்கின்றன? எண்ணிப் பார்த்து கமென்ட்டில் சொல்லுங்கள்!