எந்தப் பிரசிடெண்ட், பெரியப்பா?

கல்லூரி மாணவர் ஒருவர். வயது பத்தொன்பது. ஊர் எறையூர். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் மாதா கோயிலுக்குப் பேர்போன எறையூர் இருக்கிறதே, அது அல்ல. பெரம்பலூர் மாவட்டத்தில் சர்க்கரை ஆலை இருக்கிற எறையூர். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி காலை அவர் கல்லூரிக்குப் போகவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு, பெனிசில்வேனியாவில் ஓட்டு எண்ணிக்கை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் இருந்தவர்களுக்கு இலவசப் பாடம் நடந்தது. அமெரிக்காவில் மொத்தம் 538 தேர்வாளர் ஓட்டு. 270 வாங்கினால் ஜனாதிபதி. ஒரு மாகாணத்தில் ஓர் ஓட்டு கூட வாங்கினவர், இரண்டு மாகாணங்கள் நீங்கலாக, அந்த மாகாணத்தையே அள்ளிக்கொண்டு போவார். கோடி கோடியாய் ஜனங்கள் இருந்தும் முடிவு செய்வது ஏழே மாகாணங்கள்தான். டிரம்ப் மீது ஜூலை 13-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்த ஊர் எது, பைடன் எந்தத் தேதியில் போட்டியிலிருந்து விலகினார், இரண்டு அபேட்சகர்களும் டெலிவிஷனில் மோதிக்கொண்டபோது யார் யாரை மடக்கினார் — எல்லாம் மாணவருக்கு மனப்பாடம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி. ஜனவரியிலே பிரசிடெண்டுக்கு அஞ்சு வருஷம் முடியுதாமே. எலெக்‌ஷன் எப்போ?"

"எந்தப் பிரசிடெண்ட், பெரியப்பா?"

"நம்ம பஞ்சாயத்துப் பிரசிடெண்டுதான்."

மாணவர் விழித்தார்!

இதைக் கேட்டு அவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் சிரிப்பதற்கு முன் ஒரு சங்கதியைக் கவனிக்கவேண்டும். அந்தக் கேள்விக்கு அன்று பதில் தெரிந்தவர் எறையூரில் மட்டுமல்ல, எங்குமே கிடையாது. தேர்தல் தேதி அறிவிக்கப்படவே இல்லை.

துளசேந்திரபுரத்தில் அர்ச்சனை

வெளிநாட்டு ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைக் கேட்டால் சொல்லும். கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனார் பி.வி. கோபாலனின் பூர்வீக ஊர் அது. 2020-இலும் 2024-இலும் அங்கே பேனர் கட்டினார்கள். சாஸ்தா கோயிலில் விசேஷ பூஜை நடந்தது. ஓட்டு ஒன்றுகூடக் கிடையாது; உற்சாகத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. ஹாரிஸுக்கு 226, டிரம்புக்கு 312 என்று முடிந்தபோது ஊரே வாடிப்போயிற்று.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. பெண் கொடுத்த வீட்டில் கல்யாணம் என்றால் இங்கே வாழை கட்டமாட்டோமா? கல்லூரி வாலிபருக்கு உலக விஷயம் தெரிந்திருப்பதும் நல்லதுதான். அமெரிக்கத் தேர்தலில் அவர் எதைப் பார்த்து மயங்குகிறார் என்பதுதான் யோசிக்கவேண்டிய விஷயம். கென்னடியும் நிக்சனும் 1960 செப்டம்பரில் டெலிவிஷனில் வாதாடிய நாள் முதல், அந்த நாட்டுத் தேர்தல் பாதி நாடகம், பாதி குஸ்தி. மேடை, விளக்கு, வசனம், கைதட்டல்! மாணவர் பார்ப்பது அதைத்தான்.

அவர் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. அது தேதி.

நவம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அங்கே ஓட்டுப் போடும் நாள். 1845-இல் போட்ட சட்டம். 1864-இல் அந்த நாடே இரண்டாகப் பிளந்து உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தேர்தலைத் தள்ளிவைக்க அதைவிட நல்ல சாக்கு வேறு என்ன வேண்டும்? லிங்கன் தள்ளிவைக்கவில்லை. தோற்றுப் போனாலும் போவோம் என்ற பயத்தோடுதான் அவர் அந்தத் தேர்தலில் நின்றார். 1944-இல் உலக யுத்தம். அப்போதும் அதே செவ்வாய்க்கிழமை. ஜெயித்தவர் ஜனவரி 20-ஆம் தேதி பகல் 12 மணிக்குப் பதவி ஏற்கவேண்டும் என்பது அவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. நாளும் தெரியும், நாழிகையும் தெரியும். அபேட்சகர் யார் என்பது மட்டும்தான் தெரியாது!

டில்லிக்கும் உண்டு

அவ்வளவு தூரம் போவானேன்? டில்லியைப் பார்ப்போம். நம் ஜனாதிபதித் தேர்தலில் சந்தடியே கிடையாது. தெருவில் மைக் கிடையாது, சுவரில் போஸ்டர் கிடையாது. ஓட்டுப் போடுகிறவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 176. இந்தக் கணக்குக்கு ஆதாரம் 1971-ஆம் வருஷத்து ஜனத்தொகை. 234 பேருக்கும் சேர்த்து 41,184. பிரசாரம் என்றால் அபேட்சகர் சென்னைக்கு வருவார், கட்சித் தலைவர்களைச் சந்திப்பார், பொன்னாடை போர்த்திக்கொள்வார், அடுத்த விமானத்தில் போய்விடுவார். 2022-இல் திரௌபதி முர்முவும் வந்தார், யஷ்வந்த் சின்ஹாவும் வந்தார். எறையூரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

எப்போதாவது சூடு பிடிப்பதும் உண்டு. 1969-இல் காங்கிரஸின் அதிகாரபூர்வ அபேட்சகர் சஞ்சீவ ரெட்டி. சுயேச்சையாக நின்ற வி.வி. கிரிக்கு இந்திரா காந்தியின் ஆசி. முதல் எண்ணிக்கையில் யாருக்கும் போதிய ஓட்டு இல்லை. இரண்டாவது விருப்ப ஓட்டையும் எண்ணி, 4,20,077-க்கு 4,05,427 என்று கிரி ஜெயித்தார். 2002-இல் வேறு விதமான அதிசயம். இராமேசுவரத்து அப்துல் கலாமும், சென்னையில் பிறந்து நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியும் எதிரெதிரே நின்றார்கள். லட்சுமி அம்மையாருக்கு அப்போது 87 வயது. தோற்பது நிச்சயம் என்று தெரிந்தே நின்றார். ராஷ்டிரபதி பவனத்துக்கு இரண்டு தமிழர்கள் போட்டி! அதற்கும் எறையூரில் யாரும் ஓட்டுப் போடவில்லை.

இருக்கட்டும். டில்லியில் எது தப்பினாலும் நாள் தப்புவதில்லை. 1969-இல் தோற்ற அதே சஞ்சீவ ரெட்டி 1977-இல் போட்டியின்றித் தேர்வாகி ஜூலை 25-ஆம் தேதி பதவி ஏற்றார். அது முதல் முர்மு வரையில் ஒவ்வொரு ஜனாதிபதியும் ஜூலை 25-ஆம் தேதிதான் பதவி ஏற்றிருக்கிறார். பழைய ஜனாதிபதியின் காலம் முடியும் முன்பே புதியவர் தேர்வாகிவிடவேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. சொன்னபடி நடக்கிறது.

அதே அரசியல் சட்டம் பஞ்சாயத்துக்கும் அதையேதான் சொல்கிறது. 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் அமுலில் இருக்கிறது. பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்து வருஷம். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடியவேண்டும். எழுத்து ஒன்றுதான். டில்லியில் அது தேதியாகிறது. எறையூருக்கு வரும்போது ஆவியாகிவிடுகிறது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கதையைக் கேளுங்கள். 2016 அக்டோபரில் பழைய பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தது. அந்த மாதமே நடக்க இருந்த தேர்தல், பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு சரியில்லை என்று ஹைகோர்ட்டில் ரத்தாயிற்று. அப்புறம் இன்று, நாளை என்று இழுத்து இழுத்து, 2019 டிசம்பர் கடைசியில்தான் ஓட்டுப் போட்டார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் ஊருக்குப் பிரசிடெண்ட் இல்லை. தனி அலுவலர் ராஜ்யம். தேர்ந்தெடுத்த சபை இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியமும் தடைபட்டது. 2020 ஜனவரியில் பதவி ஏற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்! வார்டு எல்லை வகுக்கவேண்டும், ஒதுக்கீடு முடிவாகவேண்டும் என்றார்கள். அந்த வருஷம் முழுவதும் தேர்தல் நடக்கவில்லை.

முன்பு ஆண்ட கட்சி காலத்தில் ஒரு காரணம். பின்பு ஆண்ட கட்சி காலத்தில் இன்னொரு காரணம். வார்டு எல்லை வகுக்கவேண்டியதுதான். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கவேண்டியதுதான். யார் வேண்டாம் என்றார்கள்? ஐந்து வருஷம் என்பது திடீரென்று வந்து விழுகிற இடியா? பதவி ஏற்கிற அன்றே முடிகிற நாளும் தெரிந்துவிடுகிறதே! பெண்ணுக்குத் தாலி கட்டும் நேரத்தில் பந்தலுக்குக் கால் நடப் போனால் முகூர்த்தம் என்ன ஆகும்?

மேடையில் உத்தரமேரூரின் குடவோலையைப் பற்றிப் பேசாத பிரசங்கி கிடையாது. கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. அங்கே வாரியப் பெருமக்களுக்குக் காலம் 360 நாள். முடிந்ததும் இறங்கவேண்டும்; மறுபடி ஓலையெழுதிக் குடத்தில் போடவேண்டும். குடத்தைப் புகழ்கிறவர்கள் நாளை எண்ண மறந்துவிடுகிறார்கள்.

"அங்கே என்ன இருக்கிறது?"

மாணவர் சும்மா இருக்கவில்லை. "பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல என்ன பெரியப்பா இருக்கு? ஜாதி, பணம், பாட்டில். அதை யாரு பார்க்கிறது?" என்றார்.

முழுக்கப் பொய் என்று தள்ளமுடியாது. 2019-இல் சில ஊர்களில் பிரசிடெண்ட் பதவியை ஏலம் போட்டதாகப் பத்திரிகைகளில் வந்தது. தேர்தல் கமிஷன் எச்சரிக்கை விட்டது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும், தாழ்த்தப்பட்டவருக்கு ஒதுக்கிய நாற்காலியில் யாரும் நிலைத்து உட்கார விடாமல் 1996 முதல் பத்து வருஷம் அடைத்து வைத்தார்கள். 2006-இல்தான் வழி பிறந்தது. மேலவளவில் 1997 ஜூன் 30-ஆம் தேதி பிரசிடெண்ட் முருகேசனையும் அவருடன் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள்.

ஒன்றுமில்லாத நாற்காலிக்காகவா இவ்வளவு? தெருக் குழாய், தெரு விளக்கு, சாக்கடை, நூறு நாள் வேலை எல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றித்தான். கட்சிச் சின்னம் கிடையாது. இளஞ்சிவப்புச் சீட்டில் பூட்டு சாவியோ ஆட்டோ ரிக்‌ஷாவோ இருக்கும். ஐந்து ஓட்டு, பத்து ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிப்பு தோல்வி முடிகிற தேர்தல் இது ஒன்றுதான். பெனிசில்வேனியாவில் எறையூர் மாணவருக்கு ஓட்டு இல்லை. டில்லியிலும் இல்லை. இங்கே அவரும் அவருடைய நாலு சிநேகிதர்களும் சேர்ந்தால் ஒரு பிரசிடெண்டையே மாற்றிவிடலாம்.

ராஷ்டிரபதி பவனத்து முர்மு அம்மையார் முதன்முதலில் ஜெயித்தது எங்கே? 1997-இல், ஒடிசாவில், ராய்ரங்பூர் என்ற சிற்றூரின் வார்டு கவுன்சிலர் தேர்தலில். ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவராக இருந்து பிறகு கவர்னர் ஜெனரலானவர். அந்த ஊர்களில் அந்த வருஷம் தேர்தலே வைக்காமல் அதிகாரி ஒருவரை உட்கார வைத்திருந்தால்?

மாணவருக்கு 2019 டிசம்பரில் பதினாலு வயது. தட்டி கட்டுகிறவர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்திருப்பார். 2024 ஏப்ரல் 19-ஆம் தேதி பார்லிமெண்டுக்கு முதல் ஓட்டுப் போட்டார். சொந்த ஊர்ப் பிரசிடெண்டுக்கு ஓட்டுப் போட்டதே இல்லை. ஓட்டர் பட்டியலில் பெயர் இருப்பதால் அவர் கிராம சபையில் உறுப்பினர். யாரும் நியமிக்கவேண்டாம், எந்தக் கட்சியிலும் சேரவேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று அதற்குத்தான் நாள் குறித்திருக்கிறது. எழுந்து நின்று, "தேர்தல் எப்போது?" என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்கலாம். எழுதினால் தேர்தல் வந்துவிடுமா? வராது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பஞ்சாயத்துகளிலும் எழுதினால் கொஞ்சம் உறுத்தும்.

2025 ஜனவரி 20-ஆம் தேதி இரவு, நம் நேரப்படி பத்தரை மணி. வாஷிங்டனில் டிரம்ப் பதவி ஏற்றார். எறையூரில் மாணவர் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார். எறையூர்ப் பஞ்சாயத்துப் பிரசிடெண்டின் காலம் முடிந்து அன்றோடு பதினைந்து நாள்.

மறுநாள் காலை டீக்கடையில் பெரியவர் இன்னொரு கேள்வி வைத்திருந்தார். "தெருக்கோடி விளக்கு எரியலே தம்பி. இப்போ யாருகிட்டே சொல்றது?"

"ஒன்றிய ஆபீசுலே போய்த்தான் சொல்லணும், பெரியப்பா."

"பஸ்ஸுக்கு நிக்கணுமே" என்றார் பெரியவர். "நீ காலேஜ் போற வழியிலே இறங்கிச் சொல்லிட்டுப் போறியா?"