முதியோர் மொழியைத் திருத்தாது எழுதுவோம்

நம் இல்லங்களில் முதியோர்க்கு மதிப்பு உண்டு. மணம் பேசுதற்கும் மனை வாங்குதற்கும் அவர்தம் கருத்தைக் கேட்கிறோம். ஆயின், அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையைக் கேட்பதில்லை, கேட்டாலும் எழுதிவைப்பதில்லை, எழுதினாலும் அவர்தம் மொழியை மாற்றிவிடுகிறோம். இம்மூன்றாவது இழப்பைப் பற்றியே தமிழ்த்துறையினர் மிகுதியும் சிந்தித்தல் வேண்டும். ஏனெனில், அதற்குக் காரணமாவோர் பெரும்பாலும் தமிழ் கற்றவர்களே.

கீழைக் கடற்கரை ஊர்களை எடுத்துக்கொள்வோம். பொருள் தேடிப் பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளுக்குச் சென்றோரை நாகூர்ப் பக்கத்தில் 'சபராளி' என்பர். 1926இல் கட்டப்பெற்ற 'ரஜுலா' கப்பல், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டுகள் மக்களைச் சுமந்து சென்றது. 1941 டிசம்பரில் இரங்கூன் மீது சப்பானியர் குண்டு வீசத் தொடங்கியபின், இந்தியர் பல்லாயிரவர் காட்டுவழியே நடந்து தாயகம் வந்தனர். 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, வணிக நிறுவனங்கள் அரசுடைமையாக்கப்பட்டபின், 1964 முதல் மீண்டும் பெருந்திரளானோர் திரும்பினர்.

இவற்றை நூல்களில் காணலாம். ஆனால், கடையைப் பூட்டிச் சாவியை யாரிடம் கொடுத்தார்கள், கப்பல் தளத்தில் எதை உண்டார்கள், கணவனை ஐந்தாண்டுகள் காணாத பெண் வீட்டை எவ்வாறு நடத்தினாள் என்பனவற்றை வாழ்ந்தவர்களே சொல்ல இயலும். 1942ஆம் ஆண்டு நடைப்பயணத்தை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே எஞ்சியிருப்பர். 1964இல் பத்து வயதுச் சிறுவராயிருந்தோரும் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர்.

வகுப்பில் ஒருமுறை இப்பணியை அளித்தபோது, மாணவி ஒருவர் தம் பாட்டியாரின் வரலாற்றை நான்கு பக்கங்களில் எழுதி வந்தார். பிழையற்ற நடை. 'என் கணவர் அயல்நாடு சென்றமையால் பெருந்துயருற்றேன்' என்று ஒரு தொடர் இருந்தது. "பாட்டியார் இப்படியா சொன்னார்கள்?" என்று வினவினேன். "இல்லை ஐயா. 'அவுக சபர் போன அன்னைக்கு ஆக்குன ஆணத்தை வீட்ல யாரும் தொடல' என்றார்கள். கொச்சையாக இருக்கிறதென்று மாற்றிவிட்டேன்" என்றார். பெருந்துயர் என்னும் சொல் எவர்க்கும் பொருந்தும். தொடப்படாத அந்த ஆணமோ அவ்வீட்டிற்கே உரியது. அதனை நீக்கியபின், அந்நான்கு பக்கங்களும் எந்தப் பாட்டியின் கதையாகவும் இருக்கலாம்.

கொச்சை என்று ஒதுக்குவோர் ஆனந்தரங்கப் பிள்ளையை எண்ணிப் பார்க்கவேண்டும். புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாசியாக விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு அன்றைய பேச்சுத்தமிழில், பிறமொழிச் சொற்கள் விரவ அமைந்தது. எவரேனும் அதனைச் செந்தமிழாக்கி மூலத்தை அழித்திருப்பின், பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழன் பேசிய குரலை நாம் இழந்திருப்போம்.

எழுத்தறிவுடையார் தம் கதையைத் தாமே எழுதிக்கொள்வர் என்பாரும் உளர். எழுத்தையே வாழ்வாகக் கொண்ட உ.வே. சாமிநாதையர் தம் முதுமையில் 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் எழுதிய 'என் சரித்திரம்', 1942இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமலே நின்றது. அவர்க்கே காலம் போதவில்லை எனின், கையெழுத்திடவும் கல்லாத மூதாட்டிக்காக எழுதுவார் யார்?

முதுமையில் நினைவு பிழைபடும் என்பது உண்மையே. அதற்காக அவர்தம் வாய்மொழியைத் திருத்துதல் முறையன்று. ஆண்டு தவறாயின், சரியான ஆண்டை அடிக்குறிப்பில் தருக. எழுதுவோர் விளக்கம் தனியே நிற்கட்டும். சொன்னவர் சொல் சொன்னவாறே நிற்கட்டும். இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் உள்ள கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவியாகும். பதிவின் தொடக்கத்தில் சொல்பவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் கூறிவிடுதல் நன்று. 'இதை எழுதவேண்டா' என்று அவர் சொல்லும் செய்தியை எழுதாமல் விடுதல் கடமை.

நம் வீட்டுப் பெட்டிகளில் அரபுத்தமிழ்க் கடிதங்கள் உறங்குகின்றன. அரபு எழுத்தில் எழுதிய அத்தமிழைத் தடையின்றிப் படிப்போர் இன்று பெரும்பாலும் பாட்டிமாரே. ஒவ்வொரு கடிதத்தையும் படமெடுத்து, அவர்களையே உரக்கப் படிக்கச்செய்து பதிவுசெய்தல் வேண்டும். அவர்களுக்குப் பின் அக்கடிதம் பேரர்க்கு வெறும் தாளாகிவிடும்.

மூன்றாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்து முதியவர் ஒருவர் வரலாற்றை அவர் மொழியிலேயே எழுதி, ஒலிப்பதிவுடன் துறை நூலகத்தில் சேர்ப்பதைக் கட்டாய ஒப்படைப்பாக ஆக்கலாம். அதற்கு மதிப்பெண் வழங்கும்போது, 'பிழை திருத்தம்' என்னும் சிவப்பு மையை ஆசிரியர்களாகிய நாம் சற்றே மூடி வைப்போம். வரும் விடுமுறையிலேயே இப்பணியைத் தொடங்குதல் நலம். அடுத்த விடுமுறைக்குள் சொல்வார் எத்துணைப் பேர் எஞ்சுவர் என்பதை எவர் அறிவார்?